கிளை அறுக்க ஒரு கைரம்பம்

"வீட்டுக்கு ஒரு மரம் வளர்ப்போம்" என்று ஊர்தோறும் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறோம். நல்லதே. ஆயின், வளர்ந்துவிட்ட மரத்தை எவ்வாறு பேணுவது என்பதை எந்தச் சுவரிலும் எழுதி வைக்கவில்லை. மாமரத்தின் கிளை ஓட்டின்மேல் சாய்கிறது. கொய்யா புதராக மண்டிக் காய்ப்புக் குன்றுகிறது. பலாவின் பட்டுப்போன கிளை எப்பொழுது விழுமோ என்று அஞ்சும்படி நிற்கிறது. அப்பொழுதுதான் நாம் கருவியைத் தேடுகிறோம். கொல்லையில் கிடக்கும் அரிவாளோ, இரவல் வாங்கிய தச்சு ரம்பமோ, இரும்புக் குழாய் அறுக்கும் ரம்பமோ, கைக்கு அகப்பட்டது எதுவாயினும் போதுமென்று கிளையின்மேல் வைக்கிறோம்.

இவ்வாறு எண்ணியவர்களுள் நாமும் ஒருவராய் இருந்தோம். அதன் விளைவைப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னர்க் கண்ணாரக் கண்டோம். அதனை மறைக்காமல் சொல்லிவிட்டு, நல்லதொரு கவாத்து ரம்பத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை வாசக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

ஒரு கிளைதானே!

2008ஆம் ஆண்டு. நாகை மாவட்டத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில் நாம் பங்குப் பணியாற்றி வந்தோம். பங்கு இல்லத்தை ஒட்டி வயது முதிர்ந்த மாமரம் ஒன்று இருந்தது. அதன் தொடைப் பருமனுள்ள கிளை சமையற்கட்டின் ஓட்டை உரசிக்கொண்டிருந்தது. காற்றடிக்குந்தோறும் இரண்டு ஓடுகள் நொறுங்கும். கிளையை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

பக்கத்துத் தெருவில் இருந்த முதிய தச்சரிடம் ரம்பம் கேட்டனுப்பினோம். அவரே அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

"சாமி, இது காய்ஞ்ச பலகை அறுக்கிற ரம்பம். பச்சைக் கிளையில வச்சா கவ்விக்கும். மரத்துக்கும் நல்லதில்லை, ரம்பத்துக்கும் நல்லதில்லை. டவுன்ல கவாத்து ரம்பம்னு தனியா விக்குது. ஒண்ணு வாங்கிடுங்க" என்றார்.

"ஒரு கிளைதானே, ஐயா! அதற்காகவா ஒரு ரம்பம் வாங்குவது?" என்று நாம் சிரித்தோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

அவர் சொன்னவாறே நடந்தது. இரண்டு அங்குலம் இறங்கியதும் ரம்பம் சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. ஒருவாறு அதனை விடுவித்தபின், இளைஞர் ஒருவர் மரமேறி அரிவாளால் மேலிருந்து கொத்தினார். கிளை பாதி வெட்டுப்பட்டதும் தன் பாரத்தாலேயே சாய்ந்தது. சாய்ந்தபோது அடிமரத்தின் பட்டையையும் இரண்டடி நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்தது. அந்தக் காயத்தின்மேல் சாணத்தை அப்பி, கடமை முடிந்ததென்று கையைக் கழுவிக்கொண்டோம். பின்னர் வேறு பங்கிற்கு மாற்றலாகிச் சென்றோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. சில நாட்கள் கழித்து நிவாரணப் பொருட்களோடு அந்தப் பழைய பங்கிற்குச் சென்றோம். மாமரம் சமையற்கட்டின்மேல் விழுந்து கிடந்தது. ஓடும் சட்டமும் சுவரும் ஒன்றாகக் குவிந்திருந்தன. புயல் வைரம் பாய்ந்த மரங்களையும் வீழ்த்தியது உண்மையே. அதனால் முதலில் நம் மனம் வேறொன்றையும் நினைக்கவில்லை. அருகே சென்று பார்த்தபோதுதான் திடுக்கிட்டோம். 2008இல் நாம் கிளையெடுத்த அதே இடத்தில்தான் மரம் முறிந்திருந்தது. அவ்விடத்திலிருந்து கீழ்நோக்கி உள்ளே வைரமே இல்லை. கையால் அள்ளும்படி பழுப்புத் தூளாக உளுத்துக் கிடந்தது.

பங்கு இல்லத்தில் சமையல் செய்துவந்த அம்மா நம் அருகில் வந்து நின்றார். அவர் இரவில் படுப்பது அந்தச் சமையற்கட்டில்தான். "நல்ல வேளை சாமி, அன்னிக்கு ராத்திரி எல்லாரையும் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்த் தங்க வச்சாங்க. இல்லாட்டி இன்னிக்கு நான் உங்ககிட்ட பேசிட்டு இருக்க மாட்டேன்" என்றார். நம்மால் மறுமொழி ஒன்றும் சொல்ல இயலவில்லை. அது வெறும் கிளை அன்று என்பதைத் தச்சர் சொன்னபோதே நாம் உணர்ந்திருக்க வேண்டும்.

மரத்தின் காயம் ஆறுவதில்லை

நம் கையில் வெட்டுக்காயம் பட்டால், கெட்ட சதை நீங்கி அதே இடத்தில் புதுச் சதை வளர்கிறது. மரத்தின் இயல்பு அத்தகையதன்று. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ (1930–2006) என்னும் அறிஞர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து, காயத்தின் உட்புறம் நிகழ்வதை ஆராய்ந்தார். தாம் கண்டவற்றை 1977இல் தொகுத்து வெளியிட்டார். காயப்பட்ட மரப்பகுதியை மரம் பழுது பார்ப்பதில்லை. அதனைச் சுற்றி உள்ளேயே மதில் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிடுகிறது. பின்னர் அதன்மேல் புது மரமும் பட்டையும் வளர்த்து மூடிவிடுகிறது. அவர் கண்ட உண்மையின் சாரம் இதுவே. காயம் உள்ளே என்றும் இருக்கும். மதில் உறுதியாயிருந்தால் மரம் பிழைக்கும். இல்லையேல் அழுகல் வென்றுவிடும்.

இந்த மதிலின் முக்கிய பகுதி எங்கே இருக்கிறது? கிளை அடிமரத்தோடு சேருமிடத்தை உற்று நோக்குங்கள். அங்கே சட்டைக் கழுத்துப்பட்டை போன்று சற்றே புடைத்த வளையம் ஒன்று தென்படும். அதுவே கிளையின் கழுத்து. அதற்குச் சற்று வெளியே அறுத்தால், மரம் தன் காவலைத் தானே செய்துகொள்ளும். கழுத்தையும் சேர்த்து அடிமரத்தோடு வழித்து அறுத்தால் மதிலை நாமே இடித்தவர்களாவோம். கழுத்துக்கு அப்பால் ஒரு சாண் கட்டையை விட்டு வைத்தாலோ, அது பட்டுப்போய் அழுகலுக்கு ஏணியாகும். ஷைகோவுக்கு முன்னர் மேலைநாட்டிலும் அடியோடு வழித்து அறுப்பதே நல்லதென நெடுங்காலம் கற்பித்து வந்தனர்.

ஆகவே, ஒரு விரற்கடை இப்படியோ அப்படியோ போகாமல், குறித்த இடத்தில், பட்டை கிழியாமல், வழுவழுப்பாக அறுக்கும் கருவியே நமக்கு வேண்டும். அரிவாளால் இது இயலுமா? கைதேர்ந்தவர் கையில் அரிவாள் வியக்கத்தக்க கருவிதான். விரற் பருமன் குச்சிகளை ஒரே வீச்சில் சீவிவிடும். ஆனால் கைப்பருமன் கிளைக்குப் பத்து வெட்டு வேண்டும். பத்தும் பத்து இடத்தில் விழும். மேற்பரப்பு நாராய்ப் பிய்ந்து, மழைநீர் தங்கும் குழிகளோடு நிற்கும்.

பற்களைப் பாருங்கள்

கவாத்து ரம்பத்தையும் தச்சு ரம்பத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேற்றுமை பற்களில் தெரியும். காய்ந்த பலகையின் தூள் மாவுபோல் உதிரும். பச்சை மரத்தின் தூளோ ஈரத்தோடு நாராகத் திரண்டு பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும். மேலும், பச்சைக் கிளை அறுபட அறுபடத் தன் பாரத்தால் தாழ்ந்து, அறுப்புவாயை மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். தச்சர் எச்சரித்தது இதனையே.

எனவே கவாத்து ரம்பத்தின் பற்கள் பெரியனவாகவும், அவற்றிடையே உள்ள பள்ளங்கள் ஆழமாகவும் இருத்தல் வேண்டும். பலகையைக் குறுக்கே அறுக்கும் தச்சு ரம்பத்தில் ஓர் அங்குலத்துக்கு 8 முதல் 12 பற்கள் இருக்கும். கவாத்து ரம்பத்தில் 5 முதல் 8 வரை இருப்பது பொருத்தம். பருத்த கிளைக்குக் குறைந்த எண்ணிக்கையும், மெல்லிய கிளைக்குக் கூடிய எண்ணிக்கையும் கொள்க. இரும்பறுக்கும் ரம்பத்தின் பற்களோ மிகச் சிறியவை. நாலைந்து இழுப்பிலேயே ஈரத்தூளால் அவை அடைபட்டுப் போகும்.

அடுத்து, பற்கள் எத்திசை நோக்கியுள்ளன என்று பாருங்கள். நம் தச்சு ரம்பங்களுட் பல முன்னே தள்ளும்போது அறுப்பவை. தள்ளும்போது அலகு வளைந்துவிடாதிருக்க அது தடித்ததாய் இருக்க வேண்டும். ஜப்பானியர் தொன்றுதொட்டு இழுக்கும்போது அறுக்கும் ரம்பங்களையே ஆண்டு வருகின்றனர். இழுக்கப்படும் அலகு கயிறுபோல் விறைத்து நேராக நிற்கும். ஆகவே அதனை மெல்லியதாகச் செய்யலாம். மெல்லிய அலகு குறைந்த மரத்தை அறுக்கிறது. கையும் குறைவாகவே களைக்கிறது. தலைக்கு மேலுள்ள கிளையை ஏணியில் நின்று அறுப்பவருக்கு, தள்ளுவதைவிடத் தன் பக்கம் இழுப்பது எளிது. நிலைதடுமாறும் அச்சமும் குறைவு. இன்று பல நாடுகளில் செய்யப்படும் கவாத்து ரம்பங்களும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

மூன்றாவது, பற்களின் கூர். நல்ல ரம்பத்தில் ஒவ்வொரு பல்லும் மூன்று முகங்களில் தீட்டப்பட்டுச் சிறு கத்திபோல் இருக்கும். அறுத்த இடம் இழைத்ததுபோல் வழுவழுப்பாக அமையும். சில ரம்பங்களில் பல்நுனி மட்டும் கருநீல நிறமாயிருப்பதைக் காணலாம். அப்பற்களை மின்னாற்றலால் நொடிப்பொழுதில் சூடேற்றிக் கடினமாக்கியிருக்கின்றனர். அவை நெடுநாள் மழுங்கா. ஆனால் மழுங்கினால் அரம் கொண்டு தீட்ட முடியாது. அலகையே மாற்ற வேண்டும். நிறம் மாறாத சாதாரணப் பற்கள் விரைவில் மழுங்கினாலும், மெல்லிய அரத்தால் அவற்றை மீண்டும் தீட்டிக்கொள்ளலாம். தீட்டத் தெரிந்தவர் அருகிலிருந்தால் இரண்டாவதை வாங்கலாம். இல்லையேல் முதலாவதை வாங்கி, மாற்று அலகு கிடைக்குமா என்பதையும் அப்பொழுதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரா, வளைவா? எத்தனை அங்குலம்?

இடுப்பு முதல் மார்பு வரையுள்ள உயரத்தில் அறுப்பதற்கு நேரான அலகு வசதியானது. தோளுக்கு மேலே கையை நீட்டி அறுப்பதற்கு வளைந்த அலகு சிறந்தது. கீழ்நோக்கி இழுக்கும்போது பற்கள் தாமாகவே கிளையைப் பற்றிக்கொள்ளும். வீட்டுத் தோட்டத்தில் மா, பலா, வேம்பு ஆகிய உயர்ந்த மரங்களே மிகுதியென்றால் வளைந்ததை வாங்குக. கொய்யா, மாதுளை, எலுமிச்சை ஆகிய குறுமரங்களே என்றால் நேரானது போதும். நெருங்கிய கிளைகளுக்கிடையே நுழைய அதுவே எளிது.

நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கிளையின் குறுக்களவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீளமாவது அலகுக்கு வேண்டும். அப்பொழுதுதான் ஒவ்வோர் இழுப்பிலும் தூள் வெளியே வந்து விழும். 6 முதல் 8 அங்குல அலகுள்ள மடக்கு ரம்பம் 3 அங்குலக் கிளை வரை தாங்கும். அதற்கு மேல் 6 அங்குலம் வரையுள்ள கிளைக்கு 12 அல்லது 14 அங்குல அலகும், மடங்காத உறுதியான பிடியும் வேண்டும். முக்கால் அங்குலத்துக்கு உட்பட்ட குச்சிகளுக்கு ரம்பமே வேண்டாம். கவாத்துக் கத்தரி போதும். வில்போன்ற சட்டத்தில் பூட்டிய ரம்பம் விரைவாக அறுக்கும் என்பது மெய்யே. ஆயின் கிளைகள் பிரியும் இடுக்கில் அதன் சட்டம் இடிக்கும். கழுத்துக்கு அருகே வைக்க இயலாது. விழுந்த மரத்தைத் துண்டுபோடுவதற்கு அது உகந்தது.

கடையில் நிற்கும்போது

விளம்பரத்தையும் வண்ணப் பிடியையும் பார்த்து மயங்க வேண்டாம். ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே நீட்டி, அலகு கோணாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மடக்கு ரம்பமானால் விரித்துப் பூட்டியபின் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வாங்காதீர்கள். பூட்டு நழுவி அலகு மடங்கினால் விரல்மேல்தான் விழும். பிடியை வியர்த்த கையால் பற்றுவதாக எண்ணிப் பிடித்துப் பாருங்கள். நுனியில் கை வழுக்காமல் தடுக்கும் கொக்கி இருந்தால் நன்று. வீட்டில் ரம்பத்தைக் கையாளப்போவது யாரோ அவரே கடைக்குச் செல்வது நலம். தந்தையின் கைக்கு ஏற்றது தாயின் கைக்குப் பெரிதாயிருக்கலாம்.

இன்னுமொரு யோசனை. செல்லும்போது பெருவிரல் பருமனுள்ள பச்சைக் கொய்யாக் கிளையொன்றை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் இசைந்தால் அங்கேயே அறுத்துப் பாருங்கள். ரம்பம் சிக்காமல் இறங்கி, வெட்டுமுகம் வழுவழுப்பாக அமைந்தால் அதுவே உங்கள் ரம்பம். சாதாரண மடக்கு ரம்பம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஜப்பானில் செய்த உயர்ந்த ரகங்கள் சில ஆயிரம் வரை செல்லும். வீட்டுத் தோட்டத்துக்கு நடுத்தரமான ஒன்றே போதும். மிக மலிவான மென்தகட்டை மட்டும் வாங்க வேண்டாம்.

மூன்று வெட்டுகள்

நல்ல ரம்பமும் தவறாக ஆளப்பட்டால் பட்டையை உரிக்கவே செய்யும். ஆகவே இம்முறையை மனத்தில் இருத்துங்கள். முதலாவதாக, அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் கீழ்ப்புறத்தில் மேல்நோக்கி, கிளைப் பருமனில் கால் பங்கு ஆழத்துக்கு அறுங்கள். இரண்டாவதாக, அதற்கு இரண்டு அங்குலம் வெளியே, மேற்புறத்திலிருந்து கீழ்நோக்கி அறுங்கள். கிளை தன் பாரத்தால் முறியும்போது, பட்டை முதல் வெட்டோடு நின்றுவிடும். அடிமரம் வரை கிழியாது. மூன்றாவதாக, பாரம் நீங்கிய கட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு, கழுத்துக்குச் சற்று வெளியே ஒரே சீராக அறுத்தெடுங்கள். 2008இல் இந்த முதல் வெட்டை மட்டும் நாம் செய்திருந்தால் அந்தப் பட்டை உரிந்திராது.

மாவை அறுவடை முடிந்தபின் கவாத்துச் செய்க. ஒரே ஆண்டில் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். வெட்டியபின் சாணமோ வண்ணமோ பூசினால் அழுகல் தடைபடும் என்பது ஆராய்ச்சியில் மெய்ப்படவில்லை. பழமரங்களுக்குப் பூஞ்சை நோய் காரணமாகத் தாமிரப் பசை பூசுமாறு தோட்டக்கலைத் துறையினர் கூறினால் அவ்வாறே செய்யலாம். எனினும் எந்தப் பூச்சும் தவறான வெட்டைச் சரியாக்கிவிடாது.

ஏறுபவரின் உயிர் மரத்தினும் பெரிது. முருங்கைக் கிளை ஆளைத் தாங்காது என்பதை நம் முன்னோர் நன்கறிவர். அதில் ஏற வேண்டாம். மின்கம்பி அருகிலுள்ள கிளையில் நாமாகக் கை வைக்காமல் மின்வாரியத்தாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். இரும்பு, அலுமினியக் கம்புகளில் ரம்பத்தைக் கட்டி நீட்டுவது அங்கே சாவை அழைப்பதாகும். மாம்பால் தோலில் பட்டால் புண்ணாக்கும். ஆகவே முழுக்கைச் சட்டை அணிந்துகொள்க.

ரம்பத்தைப் பேணல்

வேலை முடிந்ததும் தூளைத் தூரிகையால் அகற்றி, ஈரம் துடைத்து, சிறிது எண்ணெய் தடவி வையுங்கள். கடலோரக் காற்றில் ஒரே வாரத்தில் துரு ஏறும். பலாக் கிளையை அறுக்குமுன் அலகில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பலாப்பழம் அரியும் இல்லத்தரசிகளுக்கு இதன் காரணத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய் கரைக்கும். நோய் கண்ட மரத்தை அறுத்தபின் அடுத்த மரத்துக்குச் செல்லுமுன் அலகைச் சாராயச் சத்துள்ள ஸ்பிரிட்டால் துடைப்பது இன்றியமையாதது. மாதுளையின் பாக்டீரியா இலைப்புள்ளி நோய் கவாத்துக் கருவிகள் வழியாகவும் பரவுகிறது.

இப்பொழுது நம்மிடம் 13 அங்குல வளைந்த ரம்பம் ஒன்றும், மடக்கு ரம்பம் ஒன்றும் உள்ளன. பங்கு மக்கள் இரவல் கேட்டு வருவர். மறுப்பதில்லை. ஆயின் கொடுக்குமுன் மூன்று வெட்டுகளையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்போம். சிலர் சிரிப்பர். நாமும் ஒருநாள் அவ்வாறே சிரித்தவர்தாம்.

அந்த மாமரம் நின்ற இடத்தில் சமையல் அம்மா ஓர் ஒட்டு மாங்கன்று நட்டிருக்கிறார், இம்முறை சுவரிலிருந்து நன்கு தள்ளி. அண்மையில் அவ்வழியே சென்றபோது அதனைக் காட்டினார். கூரைப் பக்கம் திரும்பிய தளிர் ஒன்றை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, "இப்பவே எடுத்துட்டா பின்னால ரம்பமே வேண்டாம்ல சாமி?" என்று கேட்டார். ஆம். கன்றாயிருக்கையில் கிள்ளிவிட்ட தளிருக்குப் பின்னாளில் ரம்பம் தேவையில்லை. அந்தக் காலம் கடந்துவிட்ட மரங்கள் உங்கள் வீட்டில் நின்றால், அடுத்த கிளையில் கருவியை வைக்குமுன் நல்லதொரு ரம்பத்தை வாங்கி விடுங்கள்.